மாசியிலேயே வந்துவிட்ட கோடை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே வாடகைக்குக் குடியிருக்கும் நண்பர் ஒருவர், மாசி பாதி கழியும் முன்பே வீட்டுக்குள் இருக்க முடியவில்லை என்றும், இரவு பதினொரு மணிக்குக்கூடச் சுவரைத் தொட்டால் சுடுகிறது என்றும் எழுதியிருக்கிறார். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடும் எழுபத்து நான்கு வயதுத் தாயார், புதுச்சேரிக்குக் கட்டட வேலைக்குச் சென்று வரும் தம்பி, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் மகள் ஆகியோர் அவருடன் இருக்கிறார்கள். கத்தரி வெயிலுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே நிலைமை இப்படி என்றால் என்ன செய்வது, தவணையில் ஏ.சி. வாங்கிவிடலாமா என்று கேட்கிறார். ஏ.சி.க்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்பு செய்ய வேண்டியவை பல உள்ளன, அவற்றுள் பெரும்பாலானவை செலவு குறைந்தவை.

மாசி, பங்குனியில் அடிக்கும் வெயில் அளவில் சித்திரை, வைகாசி வெயிலைவிடக் குறைவானதுதான். ஆயினும் மே மாதத்தில் நாம் பொருட்படுத்தாத அதே வெப்பம் பிப்ரவரியில் ஒருவரைப் படுக்கையில் தள்ளிவிடக்கூடும். அப்போது உடலும் ஆயத்தமாக இருப்பதில்லை, வீடும் ஆயத்தமாக இருப்பதில்லை, ஊரும் ஆயத்தமாக இருப்பதில்லை. வெப்பத்தில் நாள்தோறும் ஓரளவு நடமாடி உழைத்தால் ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் உடல் பழகிக்கொள்கிறது: இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்கூட்டியே தொடங்கி அதிகமாகச் சுரக்கிறது, அதோடு வெளியேறும் உப்பு குறைகிறது, அதே வேலைக்கு இதயம் துடிக்க வேண்டிய வேகமும் குறைகிறது. மார்கழி, தை மாதங்களின் குளிர்ச்சியில் இந்தப் பழக்கம் முழுவதும் கரைந்துபோய்விடுகிறது. ஆகவே திடீரென்று ஏறும் முதல் சூட்டில் நம்மில் எல்லோரும், ஆண்டுக்கணக்கில் வெயிலில் வேலை செய்தவர்கள் உட்பட, ஊருக்குப் புதிதாக வந்தவர்களின் நிலையில்தான் இருக்கிறோம். வேலையிடங்களில் வெப்பத்தால் நேரும் சாவுகளில் பெரும்பகுதி, வெப்பத்தில் வேலை தொடங்கிய முதல் சில நாட்களிலேயே நிகழ்கிறது என்பது அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையினர் கண்ட உண்மை.

ஊர் ஆயத்தமாக இல்லை என்பதற்கு நமது பஞ்சாங்கமே சாட்சி. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அதிகாலையில் இன்றைக்கும் பனி இறங்கத்தான் செய்கிறது, ஆனால் பத்து மணிக்குள் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. தண்ணீர்ப் பந்தல்களும் நீர்மோர்ப் பந்தல்களும் பெரும்பாலும் சித்திரையை ஒட்டித்தான் திறக்கப்படுகின்றன. புதுச்சேரியில் 2024 கோடையில் சிக்னல்களுக்கு மேலே பச்சை வலைப் பந்தல் போட்டது நாடு முழுவதும் பேசப்பட்டது. அதுவும் கோடை முற்றிய பிறகு வந்த ஏற்பாடுதான். ஆனால் மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் சுற்று வட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்க, பல்லாயிரக்கணக்கான மக்கள் நண்பகல் வரை நிழலில்லாத மணலில் நிற்கிறார்கள். அவர்களில் வயதானவர்களும் கைக்குழந்தைகளும் உண்டு. சித்திரையில் திறக்கும் பந்தல்களை மாசி மகத்துக்கு ஒரு வாரம் முன்பே திறந்தால் எவ்வளவோ பேருக்கு உதவும் என்பது என் நெடுநாளைய எண்ணம்.

இனி, இது வழக்கமான வெயில்தானா என்ற கேள்வி. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கின்படி, நாடு முழுவதற்குமான பிப்ரவரி மாதச் சராசரி வெப்பநிலை 1901க்குப் பிறகு மிக உயர்ந்து பதிவானது 2025இல். அதற்கு முன், பிப்ரவரி மாதப் பகல் வெப்பத்தில் 2023 அதே சாதனையைப் படைத்திருந்தது. எனவே முன்கூட்டியே வரும் கோடை நமது கற்பனை அன்று. ஆனால் கடலூரில் வெப்ப அலை எச்சரிக்கை வரவில்லையே என்று எண்ணி அமைதியடைவதும் தவறு. சமவெளிக்கு 40 டிகிரி, கடலோரத்துக்கு 37 டிகிரி என்பதோடு, அந்த வெப்பம் வழக்கமான அளவைக் காட்டிலும் 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும் என்பதும் வெப்ப அலை அறிவிப்புக்கான வரையறை. கடலூரின் வழக்கமான பகல் வெப்பம் பிப்ரவரியில் 30 டிகிரியை ஒட்டியும் மார்ச்சில் 32 டிகிரியை ஒட்டியும் இருப்பதால், 35 டிகிரிக்கு ஏறிய ஒரு பிப்ரவரி நாள் நம் உடலை வாட்டியெடுத்தாலும் அறிவிப்புக்கான எல்லையைத் தொடாமலே போய்விடும்.

இதைவிட முக்கியமானது ஈரப்பதம். உடல் தன் சூட்டைக் குறைத்துக்கொள்வது வியர்வை சுரப்பதால் அன்று, அது ஆவியாவதால்தான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடிக்கொண்டே இருக்கும். நீரும் உப்பும் போகும், சூடு மட்டும் போகாது. அமெரிக்க வானிலைத் துறை பயன்படுத்தும் வெப்பக் குறியீட்டின்படி, 32 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் உடல் உணர்வது ஏறத்தாழ 40 டிகிரி. அதே கணக்கில் 38 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள ஊரில் உடல் உணர்வது 38 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். இவை நிழலில் இருப்பவருக்கான கணக்குகள். நேர் வெயிலில் நிற்பவருக்கு இதற்கு மேலும் 8 டிகிரி வரை கூட்டிக்கொள்ள வேண்டும். கடலிலிருந்து தள்ளி உள்பகுதியில் இருக்கும் விருத்தாசலத்துச் சொந்தக்காரர்கள் 'உங்கள் ஊரில் வெறும் 33தானே' என்று தொலைபேசியில் சொல்லும்போது அவர்களோடு வாதாட இந்தக் கணக்கு உதவும்.

மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று வலுத்து, கடற்காற்றைப் பிற்பகல் வரை கரைக்குள் விடாமல் தடுக்கிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் 40 டிகிரி தாண்டுவது அப்போதுதான். மாசி, பங்குனியிலோ காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. தரை சூடேறியதும் முற்பகலிலோ நண்பகலையொட்டியோ கடற்காற்று உள்ளே வந்து வெப்பமானியின் எண்ணைக் கீழே இழுக்கிறது, கூடவே ஈரத்தையும் கொண்டுவருகிறது. இரவில் இந்த ஓட்டம் திரும்பி, காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி மெதுவாக நகர்கிறது. ஆகவே நண்பர் தம் வீட்டின் சன்னல்களை இதற்கேற்பக் கையாள வேண்டும். காலை வெயில் விழும் கிழக்குச் சன்னலுக்கு முற்பகல் வரை திரை போட்டு, கடற்காற்று எழுந்ததும் அதைத் திறந்துவிட வேண்டும். மேற்குச் சன்னலைப் பிற்பகல் முழுவதும் மூடி வைத்து, பொழுது சாய்ந்து சுவர் ஆறத் தொடங்கிய பின் திறக்க வேண்டும். திரையைச் சன்னலுக்கு உட்புறம் தொங்கவிடுவதைவிட வெளிப்புறம் மூங்கில் தட்டியோ சாக்கோ கட்டுவது பன்மடங்கு பயன் தரும், கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத் திரையால் திருப்பி அனுப்ப முடியாது என்பதால். இரவில் சன்னலைத் திறக்கத் தடையாக இருப்பது பெரும்பாலும் கொசுதான். சன்னலுக்கு வலை அடிப்பதை இந்த ஊரில் வெப்பத் தடுப்புச் செலவாகவே கருத வேண்டும்.

தண்ணீர் ஊற்றி இயக்கும் ஏர் கூலரைப் பற்றிப் பலர் கேட்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விருத்தாசலம், திட்டக்குடி போன்ற உள்பகுதிகளின் வறண்ட காற்றில் அது நன்றாக வேலை செய்யும். கடலூர் முதுநகரிலோ புதுச்சேரிக் கடற்கரையையொட்டிய தெருக்களிலோ ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில் மேலும் ஈரத்தைச் சேர்த்துப் புழுக்கத்தையே பெருக்கும். சன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நனைப்பதற்கும் இது பொருந்தும். மணம் வரும், குளிர்ச்சி அவ்வளவாக வராது. சாதாரண மின்விசிறி இங்கே அதைவிட மேல். காற்றின் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் விசிறி உடலைக் குளிர்விப்பதற்குப் பதிலாகச் சூடேற்றும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிப்பது உண்மைதான். ஆனால் நமது கடலோரத்தில் மாசி, பங்குனியில் அந்த நிலை வருவதில்லை. ஈரத்துணியால் கை, கழுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு விசிறியின் கீழ் அமர்வது எளியது, நம்பத்தக்கது.

வீட்டைப் பொறுத்தவரை நண்பரின் துன்பத்துக்கு மூலகாரணம் தலைக்கு மேலிருக்கும் கான்கிரீட் தளம். பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை அது சில மணி நேரம் கழித்தே கீழே இறக்குகிறது; எனவேதான் வெளியே காற்று குளிர்ந்துவிட்ட பிறகும் உள்ளே இரவு முழுவதும் புழுங்குகிறது. புதுச்சேரியின் தமிழர் பகுதியில், வைசியாள் வீதி போன்ற இடங்களில் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளின் உயர்ந்த கூரையும், தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட தளமும், நடு முற்றமும் தெருத் திண்ணையும் இந்தச் சிக்கலுக்குக் கட்டடக் கலை கண்டிருந்த விடை. ஒன்பதடி, பத்தடி உயரத்தில் கான்கிரீட் போட்டு, முற்றத்தை அறையாக்கிய நாம் அந்த விடையை இழந்துவிட்டோம்.

இப்போதுள்ள தளத்துக்கு மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடியது வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது. வெண்மையான பரப்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கறுத்துப் பாசி படிந்த தளம் அதை அப்படியே விழுங்கும். தளத்தை நன்றாகக் கூட்டி, தேய்த்துக் கழுவி, காய்ந்த பின் கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தைய நாளே நீரில் தாளித்து, வடிகட்டி, உதிராமல் பிடித்துக்கொள்ளச் சிறிது பெவிகால் கலந்து, மாலை வேளையில் இரண்டு அல்லது மூன்று பூச்சு கொடுக்க வேண்டும். தாளிக்கும்போது சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும், ஒரு துளி கண்ணில் பட்டால்கூடப் பார்வைக்குக் கேடு. கண்ணாடி அணிந்துகொண்டு, குழந்தைகளை விலக்கி வைத்துவிட்டுச் செய்ய வேண்டும். இந்தப் பூச்சு மழைக்காலத்தில் கரைந்துபோகும், அடுத்த தை மாதக் கடைசியில் மீண்டும் அடித்துக்கொள்ளலாம். வாடகை வீட்டில் இதற்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். தளத்தின் ஆயுளுக்கும் நல்லது என்று எடுத்துச் சொன்னால் பெரும்பாலோர் மறுப்பதில்லை. வெப்பத்தில் விரிந்து, இரவில் சுருங்கி விரிசல் விடுவது குறையும் என்பதால் அந்தப் பேச்சில் பொய்யும் இல்லை.

சிலர் மாலைதோறும் தளத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தளம் ஆறுவது உண்மை. ஆனால் குடிநீருக்கே நெருக்கடி வரும் மாதங்களில் அது தகாது, விரிசல் உள்ள தளமானால் ஒழுகலும் வரும். தென்னங்கீற்றுப் பந்தல் நல்ல நிழல் தருவதுதான், ஆயினும் நெருக்கமான தெருக்களில் கோடையில் கீற்று தீப்பிடிக்கும் அபாயத்தை எண்ணி நான் பரிந்துரைப்பதில்லை. அதற்குப் பதிலாகத் தோட்டங்களில் கட்டும் பச்சை நிழல்வலையைத் தளத்திலிருந்து மூன்றடி உயரத்தில், இடையே காற்றோடும்படி இழுத்துக் கட்டலாம். கடலோரக் காற்றுக்குத் தாங்கும்படி முடிச்சு இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்கும் அந்த நிழலிலேயே இடம் கொடுத்துவிட்டால், பிற்பகலில் குழாயைத் திறந்தவுடன் வெந்நீர் கொட்டுவது நிற்கும். தொட்டியையும் குடங்களையும் மூடி வைக்க மறக்கக் கூடாது, தண்ணீர் சேமிக்கும் காலம் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் கொண்டாட்டம்தான்.

உறங்குவதற்கு, வீட்டில் தளத்தின் சூடு குறைவாக இறங்கும் அறையைத் தேர்ந்து, பஞ்சு மெத்தையையும் ஃபோம் மெத்தையையும் எடுத்துவிட்டுத் தரையில் கோரைப்பாய் விரித்துக்கொள்ளலாம்; தாயாருக்குத் தரையில் எழுந்திருக்க முடியாவிட்டால் கயிற்றுக் கட்டில் போதும். படுக்கும் முன் குளிப்பது உறக்கத்துக்கு உதவும். பகல் வெப்பத்துக்குப் பின் தொடர்ந்து ஆறாத இரவுகள் முதியோரைப் பெரிதும் வாட்டுகின்றன என்பதை நினைவில் வைத்து, இரவுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும்.

இனித் தாயாரைப் பற்றி. நண்பர் எல்லாவற்றையும்விட அதிகம் கவனிக்க வேண்டியவர் அவரே. முதுமையில் தாக உணர்வு மங்கிவிடும். வியர்வைச் சுரப்பும் குறையும். 'எனக்கு ஒன்றும் இல்லை, தாகமே எடுக்கவில்லை' என்று அவர் சொல்வதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள இயலாது. அவர் கேட்காமலே ஒன்றிரண்டு மணிக்கொரு முறை ஒரு தம்ளர் நீர், மோர், கஞ்சித் தெளிவு என்று கையில் கொடுக்க வேண்டும். சிறுநீர் வெளிறிய நிறத்தில் போகிறதா, அடர்மஞ்சளாகக் குறைவாகப் போகிறதா என்பதே போதுமான அளவுகோல். நாக்கு உலர்தல், எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான சோர்வு, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை தோன்றினால் வயதின் மேல் பழி போடாமல் வெப்பத்தை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அவருடைய மாத்திரைகளை ஒருமுறை மருத்துவரிடம் காட்டி வருவது மிக அவசியம். இரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கப்படும், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளும், சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும், பெயரின் முடிவில் 'கிளிஃப்ளோசின்' என்று வரும் புதிய வகை மாத்திரைகளும் உடலின் நீரைக் குறைப்பவை. வெயில் காலத்தில் இவற்றின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். தாமாக நிறுத்துவது வெயிலைவிடப் பெரிய ஆபத்து. இதயச் செயலிழப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்ற பொது அறிவுரை பொருந்தாது. பொட்டாசியம் மிகுந்த இளநீர் சிறுநீரக நோயாளிக்குத் தீங்காக முடியக்கூடும். இரத்த அழுத்தம் உள்ளவருக்கு மோரில் கைப்பிடி உப்பு போட்டுக் கொடுப்பதும் உதவியாகாது. இன்சுலின் போடுபவர் வீட்டில் இருந்தால், திறக்காத மருந்தைக் குளிர்பெட்டியின் உறைநிலைப் பகுதிக்கு அப்பால் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள மருந்து பெரும்பாலும் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பதால், குளிர்பெட்டி இல்லாத வீடுகளில் அதை நீர் புகாத டப்பாவில் இட்டு, ஈர மணலின் மேல் வைத்த மண்பானைக்குள் வைப்பது ஓரளவு காக்கும்.

தம்பியின் நிலை வேறு. கட்டட வேலையில் உடலே உள்ளிருந்து வெப்பத்தை உண்டாக்குகிறது. அதன் மேல் வெயிலும், சென்ட்ரிங் தகடுகளின் சூடும் சேர்கின்றன. அமெரிக்கத் தொழிலாளர் நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை ஒன்று நடைமுறைக்கு உகந்தது: வெப்பத்தில் முதன்முதலாக வேலை செய்பவருக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும், பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்ட வேண்டும், முன்பே பழகி, இடைவெளிக்குப் பின் திரும்புபவருக்கு முதல் நாள் பாதி, அடுத்தடுத்த நாட்களில் 60, 80 சதவீதம், நான்காம் நாள் முழு வேலை. நாள் கூலிக்குப் போகும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் பாதி வேலை என்பது பாதிக் கூலி என்றே முடியும் என்பது எனக்குத் தெரியாததன்று. எனவே அளவைக் குறைப்பதைவிட நேரத்தை மாற்றக் கேட்பதே வழி: காலை ஆறு மணிக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு நிறுத்தி, மூன்று மணிக்கு மேல் மீண்டும் தொடங்குவது. மேஸ்திரி தயங்கினால் தம்பியிடம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. கடும் வெயிலில் போட்ட கான்கிரீட்டும் பூச்சும் நீரை விரைந்து இழந்து மேற்பரப்பில் விரிசல் விடும், அதிகாலையில் போட்டால் வேலையும் உறுதியாக நிற்கும். தொழிலாளியின் உடல்நலத்துக்கு இரங்காத ஒப்பந்ததாரர்கூடத் தளத்தின் விரிசலுக்கு இரங்குவார்.

வேலையின்போது தாகம் எடுக்கும் வரை காத்திராமல் கால் மணி அல்லது இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு தம்ளர், அதாவது கால் லிட்டர் அளவு குடிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது, வெறும் நீரை அளவு மீறிக் குடிப்பதால் இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். தலைக்கு ஈரத்துண்டு, முழுக்கைப் பருத்திச் சட்டை, இடுப்பில் பருத்திக் கைலி ஆகியவையே போதும். குறிஞ்சிப்பாடித் தறியில் நெய்த கைலி இந்த மண்ணின் வெயிலை அறிந்த துணிதான். ஒரு வேண்டுகோளும் உண்டு. புதுச்சேரியில் வேலை முடிந்து திரும்பும் வழியில் மதுக்கடைகள் ஏராளம். பீர் உடலுக்குக் குளிர்ச்சி என்ற நம்பிக்கையும் ஏராளம். மது உடலின் நீரை வெளியேற்றுவது. முந்தைய இரவு குடித்தவர் மறுநாள் வெயிலில் ஏறும்போதே நீர் வற்றிய நிலையில்தான் ஏறுகிறார்.

மகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படிப்பை அதிகாலைக்கும் இரவின் முற்பகுதிக்கும் மாற்றி, பிற்பகலில் உறங்கச் செய்யலாம். தேர்வு மையத்துக்குத் தண்ணீர்ப் புட்டியும், திரும்பும்போது குடையும் இருக்கட்டும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில் சாய்ந்த பெருமரங்களுக்கு ஈடாகப் பல சாலைகளில் இன்னும் நிழல் வளரவில்லை என்பதால், வீட்டுக்குக் கால் மணி நேர நடை கூடினாலும் மரமுள்ள தெரு வழியே வருவதே நல்லது. உறவினர் வீட்டில் ஆறு மாதம் நிரம்பாத குழந்தை இருந்தால், வெயில் என்பதற்காகத் தண்ணீர் கொடுக்கத் தேவையில்லை, தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும்.

உணவில் நம் முன்னோர் வழக்கங்கள் பெரும்பாலும் சரியானவையே: நீராகாரத்தோடு பழைய சோறு, சின்ன வெங்காயம், கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ், நீர்மோர். ஆனால் கோடை முந்தி வரும்போது கோடைக்கனிகள் முந்தி வருவதில்லை என்பது ஒரு வேடிக்கை. நுங்கும் பண்ருட்டிப் பலாவும் தம் காலத்தில்தான் வரும். மாசியில் கைக்கு எட்டுவது திண்டிவனம், மரக்காணம் பக்கத்துத் தர்பூசணியும் வெள்ளரிப்பிஞ்சும்தான், சர்க்கரை உள்ள தாயாருக்குத் தர்பூசணி இரண்டு துண்டோடு நிற்கட்டும். இந்தச் சூட்டில் மாவு அரைநாளில் புளிக்கும், குழம்பு மாலைக்குள் ஊசும், ஐஸ் இல்லாமல் கூடையில் வரும் மீன் நண்பகலுக்குள் கெடும். வாந்தி, வயிற்றுப்போக்கில் இழக்கும் நீரும் வெயிலின் கணக்கில்தான் சேரும். சமையலைக் காலை எட்டரைக்குள் முடித்துவிட்டால் உணவும் புதிதாக இருக்கும், வீட்டுக்குள் அடுப்பின் சூடும் சேராது.

வியர்த்துக் களைத்தவருக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்து வீட்டிலேயே உப்புச் சர்க்கரைக் கரைசல் செய்யலாம். மருந்துக் கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில், ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 13.5 கிராம் குளுக்கோஸ் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களும் குளுக்கோஸ் பவுடரும் அதற்கு ஈடாகா. சர்க்கரை நோயாளிக்கு அவை கேடு.

யாருக்கேனும் உடல் அனலாகக் கொதித்து, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெயில் களைப்பின் எல்லையைத் தாண்டி வெப்பத் தாக்குதலாகிவிட்டது என்று கொள்ள வேண்டும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைக் கடந்த அந்த நிலையில் ஒவ்வொரு நிமிடமும் மூளையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கிறது. வேலை செய்துகொண்டிருந்தவருக்கு அப்போதும் வியர்வை கொட்டிக்கொண்டிருக்கலாம். வியர்க்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. 108க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்குகளில் வைக்க வேண்டும். நினைவற்றவர் வாயில் நீரோ சோடாவோ ஊற்றினால் மூச்சுக்குழலில் போகும். பாராசிட்டமால் இந்தக் காய்ச்சலைக் குறைக்காது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் உயிரிழப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று வகுத்திருக்கிறது. ஆனால் காரணம் வெப்பமே என்று மருத்துவப் பதிவில் இருந்தாக வேண்டும் என்பதால், மருத்துவமனையில் சேர்க்கும்போதே அவர் எங்கே, எவ்வளவு நேரம் வெயிலில் இருந்தார் என்பதைச் சொல்லிப் பதியவைக்க வேண்டும்.

ஏ.சி. பற்றி என் கருத்து இது. தாயாரின் உடல்நிலையை எண்ணினால் அதை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி எடுப்பதால் நமது கடலோரத்தில் அதன் பயன் வெப்பநிலையைக் குறைப்பதைக் காட்டிலும் அதிகம். ஆனால் சுண்ணாம்பு அடிக்காத தளத்தின் கீழ் ஏ.சி. போடுவது, தளத்தின் சூட்டை இரவெல்லாம் காசு கொடுத்து வெளியே இறைப்பதுதான். ஆகவே இந்த வாரமே உரிமையாளரிடம் பேசித் தளத்தை வெளுத்து, வலை கட்டி, சன்னல்களை மேலே சொன்னபடி பழக்கி, இரண்டு வாரம் பார்க்கலாம். அதன் பிறகும் தாயாரின் உறக்கம் கெடுகிறது என்றால், தளத்தின் சூடு குறைவாக இறங்கும் சிறிய அறைக்கு மட்டும், அறையின் அளவுக்கு மிஞ்சாத ஒரு டன் இயந்திரம் வாங்கி, 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால், 22இல் வைப்பவருக்குக் கிடைக்கும் அதே சுகம் அதைவிடக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கும். வாங்கும் முன் வீட்டின் மின்கம்பியும் எர்த் இணைப்பும் அதைத் தாங்குமா என்று மின்பணியாளரை அழைத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். பழைய வாடகை வீடுகளில் ஏ.சி.க்கு ஆகும் செலவில் அந்த வேலைக்கும் ஒரு பங்கு ஒதுக்க நேரிடும்.